பக்கத்தில் நிற்கிறவருக்குக் கொடுக்க இன்டர்நெற் எதுக்கு?

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்கிற இரண்டு பேர் ஒரு வீடியோவைக் கைமாற்ற வேணுமெண்டால் என்ன செய்வார்கள்? ஒருவர் வாட்ஸ்அப்பைத் திறப்பார். வீடியோ அவருடைய டேற்றாவில் ஏறி, வெளிநாட்டில் எங்கேயோ இருக்கிற சேர்வருக்குப் போய், திரும்பி வந்து, ஒரு முழம் தள்ளி நிற்கிற மற்றவருடைய டேற்றாவில் இறங்கும். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்துக்கு இரண்டு பேரும் காசு கட்டுகிறார்கள். சிக்னல் ஒரு கோடாகக் குறைஞ்சால் அதுவும் இல்லை. "அங்க போய்ச் சேர்ந்து அனுப்புறன்" எண்டு சொல்லிவிட்டு மறந்து போவதுதான் மிச்சம்.

எந்த அப் வேகமானது, எது வடிவானது எண்டு கேட்பதற்கு முதல் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒண்டு இருக்கு: இன்டர்நெற் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யுமா? தீவுகளில் இருக்கிற எங்களுக்கு அந்தக் கேள்விதான் முதலாவது. ஊர்காவற்துறைக்கு றோட்டு இருக்கு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடல்தான் றோட்டு.

டேற்றாக் காசை விடுங்கோ. அதைவிடப் பெரிய நட்டம் படத்தில் நடக்கிறது. 12 மெகாபிக்சல் கமராவில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. எப்ப எடுத்தது, எங்க எடுத்தது எண்டு படத்துக்குள்ளே பதிஞ்சிருந்த விபரமும் போய்விடும். அதை வாங்கினவர் இன்னொருவருக்கு அனுப்ப, அவர் வேறொரு குறூப்பில் போட, கடைசியில் எங்கட கையில் இருப்பது படத்தின் நிழல். 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பினால் தரம் குறையாது எண்டது உண்மை. ஆனால் அதை எத்தனை பேர் செய்கிறோம்?

பிறந்தநாள் படத்துக்கு இது பெரிய விசயமில்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் தீவுகளை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் மிஞ்சின அல்பங்களை நினைச்சுப் பாருங்கோ. கலியாணப் படம், பள்ளிக்கூடக் குறூப் படம், காணி உறுதி எல்லாம் ஒரேயொரு பிரதிதான். அந்தப் படங்களை அம்மம்மாவின் வீட்டில் யாரோ ஒரு பேரப்பிள்ளை போனில் எடுக்கிறது. அது கனடாவுக்கும் போகிறது, ஊரிலும் சுத்துகிறது, ஆனால் சுருங்கின பிரதியாக. மூல ஃபைல் அந்த ஒரு போனிலேயே கிடக்கு. போன் கடலுக்குள் விழுந்தால் கதை முடிஞ்சுது. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளம் இத்தனை வருசமாகச் செய்வது அந்த இழப்புக்கு ஒரு பதில். ஆனால் அங்கே போய்ச் சேர முன்னம், படம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு முழுசாகப் போகவேணும்.

இன்டர்நெற் எப்பவும் இருக்கும் எண்டு நம்பவும் ஏலாது. இந்த நாட்டில் 2018 மார்ச்சில் வாட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் முடக்கினார்கள். 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு திரும்பவும் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, போராட்டம் சூடுபிடிச்ச நேரம், இன்னொரு தரம். அதே நாட்களில்தான் 13 மணித்தியாலம் கரண்டும் இல்லை.

சரி, அப்ப எதைப் பாவிக்கிறது?

புளூடூத் எல்லாப் போனிலும் இருக்கு. ஆனால் 2 ஜிபி வீடியோ ஒண்டை அதில் அனுப்ப இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். நெடுந்தீவுக்குப் படகில் போய்த் திரும்பி வந்தாலும் முடிஞ்சிருக்காது. அதே வீடியோ போனுக்குப் போன் வைஃபையில் சில நிமிசத்தில் போய்விடும். நயினாதீவுப் படகு கரை தட்ட முன்னம் வேலை முடிஞ்சிடும்.

ஷெயார்இற் இப்பவும் எத்தனையோ போனில் கிடக்கு. இந்தியா 2020 ஜூனில் அதைத் தடை செய்தது எல்லைச் சண்டையோடு வந்த முடிவு, அது எங்கட காரணமில்லை. எங்கட காரணம் வேறு: 2021 பெப்ரவரியில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் அதில் பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டது. பிறகு திருத்தினோம் எண்டு ஷெயார்இற் சொன்னது. இருந்தாலும், ஒரு ஃபைல் அனுப்ப இவ்வளவு விளம்பரத்தையும் இவ்வளவு அனுமதியையும் ஏன் சகிக்க வேணும்?

அன்ட்ரொயிட்டில் இருக்கிற குயிக் ஷெயார் நல்லது, இன்டர்நெற்றும் தேவையில்லை. அப்பிளின் ஏர்ட்ரொப்பும் அப்படித்தான். சிக்கல் என்னவெண்டால், வெளிநாட்டிலிருந்து வாற மாமாவின் கையில் ஐபோன், மருமகனின் கையில் சாம்சங், கொமினிக்கேசன் கடையில் பழைய விண்டோஸ் கம்பியூட்டர். எல்லாவற்றுக்கும் நடுவில் வேலை செய்கிற ஒண்டு வேணும்.

அதனால் நாங்கள் சொல்வது லோக்கல்செண்ட். இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை. மூலநிரல் திறந்து கிடக்கு, விரும்பினவர் வாசிச்சுப் பார்க்கலாம். அன்ட்ரொயிட், ஐபோன், விண்டோஸ், மக், லினக்ஸ் எல்லாத்திலும் ஓடும். ஒரு அன்ட்ரொயிட் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போடுங்கோ, மற்றவர் அதில் இணையட்டும், இரண்டு பேரும் அப்பைத் திறவுங்கோ, அனுப்புங்கோ. மொபைல் டேற்றாவை நிப்பாட்ட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் மற்றப் போன் உங்கட டேற்றாவைக் குடிச்சுப்போடும்.

குறையும் இருக்கு. இரண்டு பக்கமும் அப் இருக்க வேணும். சில பொது வைஃபைகளில் ஒரு போன் மற்றப் போனைக் காணாது, அங்கேயும் ஹொட்ஸ்பொட்தான் வழி. 50, 100 ஜிபி எண்டால் பென்டிரைவ் அல்லது ஹார்ட் டிஸ்க்தான் சரி. அதில் வெட்கப்பட ஒண்டுமில்லை. இன்டர்நெற் கிடைக்காத கியூபாவில் 'எல் பக்கெத்தே' எண்ட பேரில் ஒவ்வொரு கிழமையும் ஒரு டெராபைற் அளவான படமும் பாட்டும் ஹார்ட் டிஸ்க்கில் வீடு வீடாகப் போனது. பென்டிரைவ் FAT32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் ஏறாது எண்டதை மட்டும் கவனியுங்கோ. கண்ட கம்பியூட்டரிலும் குத்தினால் வைரசையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள்.

"ஸ்டார்லிங்கும் வந்திட்டுது, கிளவுட்டில போட்டால் முடிஞ்சுதுதானே" எண்டு சிலர் கேட்பீர்கள். கூகிள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகத் தந்த இடம் 2021 ஜூன் 1ஆம் திகதியோடு நின்றது. இப்ப 15 ஜிபி, அதுவும் மின்னஞ்சலோடு பங்கு. கிளவுட் இரண்டாவது பிரதிக்கு நல்ல இடம். ஆனால் பக்கத்து வீட்டு ஏ.எல். பிள்ளைக்குப் பழைய வினாத்தாள்களைக் கொடுக்கிறதுக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

இந்தக் கிழமை சிக்னல் நல்லாக இருக்கிற ஒரு நேரம் பார்த்து உங்கட போனிலும் வீட்டில் மூத்தவரின் போனிலும் இதை ஏத்துங்கோ. பிறகு அந்த அல்பப் படங்களின் மூல ஃபைலை இன்னொரு போனுக்கும் ஒரு பென்டிரைவுக்கும் மாத்துங்கோ. பென்டிரைவைக் கடலுக்கு மற்றப் பக்கம் இருக்கிற ஒரு சொந்தக்காரர் வீட்டில் குடுத்து வையுங்கோ.