மேசையில் இடம்பெறாத கரை

போரை விளையாட்டாக்குவது தகுமா என்று சில மாதங்களுக்கு முன் யாரேனும் கேட்டிருந்தால், தகாது என்றே சொல்லியிருப்பேன். 2009 மே மாதத்தில் முடிந்த அந்த நெடும்போரைச் செய்தியாக எழுதி எழுதி அலுத்தவன் நான். குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த மண்ணில், மேசைமேல் படைகளை நிறுத்தித் தாயக்கட்டை உருட்டுவது மனத்துக்கு ஒவ்வாத செயலாகவே பட்டது. கல்முனையில் என் சகோதரியின் மகன் அமைத்த மேசையைக் கண்டபின், என் கருத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

மேசையில் மருதமுனைக் கைத்தறி நீலத் துணி கடலாக விரிந்திருந்தது. அதன்மேல் மரத்தில் செதுக்கிய சின்னஞ்சிறு கப்பல்கள்: பிரித்தானியருக்குப் பதினொன்று, பிரெஞ்சுக்காரருக்குப் பன்னிரண்டு. 1782 ஏப்ரல் 12ஆம் திகதி, திருகோணமலைக்குத் தெற்கே புரொவிடியன் என்னும் சிறுதீவருகே எட்வர்ட் ஹியூஸின் அணியும் சஃப்ரெனின் அணியும் மோதிய போர் அது. சோழமண்டலக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக்கு ஒதுங்கப் பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. திருகோணமலையே அந்தக் குறையைத் தீர்த்தது. அதை 1782 ஜனவரியில் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்துக்கொண்டனர். மைசூரின் ஹைதர் அலிக்குத் துணையாக வந்த சஃப்ரெனுக்கும் ஒரு துறைமுகம் இன்றியமையாததாக இருந்தது.

இத்தகைய விளையாட்டு சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கத்தக்கதன்று. கடற்படையில் ஒருநாளும் பணியாற்றாத ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் கிளார்க், மேசைமேல் சிறு மரக்கப்பல்களை நகர்த்திப் பார்த்தே கடற்போர் உத்திகளை ஆராய்ந்தார். அவருடைய நூலின் முதற்பகுதி அச்சேறியதும் இதே 1782இல்தான். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டு ஆடுவதற்கான விதிகளை 1913இல் நூலாகவே வெளியிட்டார்.

மருமகன் ஆட்டத்தை விளக்கினான். முதலில் காற்றின் திசையைக் குறிக்க வேண்டும். காற்று வரும் பக்கம் நிற்பவனுக்கே தாக்கும் நேரத்தைத் தெரிந்தெடுக்கும் வசதி உண்டு. அன்று அது சஃப்ரெனுக்கு வாய்த்தது. ஹியூஸுக்கோ ஒரு பக்கம் எதிரி, மறுபக்கம் கரை. நடுவில் சிக்கிய மொன்மவுத் என்ற கப்பல் இரண்டு பாய்மரங்களை இழந்தது. கரை நெருங்கிவிட்டதால் ஹியூஸ் தன் கப்பல்களைத் திருப்பினார். இரவில் புயல் குறுக்கிட்டது. வெற்றி தோல்வியின்றி முடிந்தது என்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும் சண்டையில் எத்தனை முடிவுகள், எத்தனை தற்செயல்கள் இருந்தன என்பதை அந்த மேசை எனக்குக் காட்டியது.

பார்த்துக்கொண்டிருந்த அயல்வீட்டு மீனவக் காக்கா ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, நம்மட ஊரு இதில எங்க கிடக்கு?"

மருமகன் சிரித்தான். 1:1200 என்ற அளவில் 74 பீரங்கிக் கப்பல் ஏறக்குறைய நாலரை சென்ரிமீற்றர். ஆறடி மேசை இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட கடலையே கொள்ளும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையுள்ள ஏறத்தாழ 40 கிலோமீற்றரை அதே அளவில் காட்ட 33 மீற்றர் நீளம் வேண்டும். "ஊரைக் காட்டணுமெண்டா தெரு முடியிற வரைக்கும் மேசை போடணும் காக்கா," என்றான்.

கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மேசையில் கரை ஒரு பழுப்புக் காகிதத் துண்டு. கப்பல் தரைதட்டும் இடம் என்பதற்கு மேல் விதிகளில் அதற்குப் பொருளில்லை. உண்மையில் அந்தப் போர் கரையைத் தொட்டே சென்றது. 1766 பெப்ரவரி 14இல் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கருடன் செய்த உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தக் கம்பனியின் கைக்குப் போயிருந்தது. ஆகவே புரொவிடியன் போருக்குப்பின் சஃப்ரென், ஒல்லாந்தர் வசமிருந்த மட்டக்களப்புக்கு வந்து ஜூன் தொடக்கம்வரை நங்கூரமிட்டு நின்றார். கப்பல்கள் பழுது பார்க்கப்பட்டன, நோயாளிகள் கரையிறக்கப்பட்டனர். பல ஆயிரம் மாலுமிகள் ஒரு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தார்கள். அவர்கள் உண்டது யாருடைய நெல்? அறுத்தது யாருடைய மாடு?

போரின் கணக்கு தெளிவாக உள்ளது. இறந்தோர் இரு தரப்பிலும் 137 பேர். காயமடைந்தோர் பிரித்தானியரில் 430, பிரெஞ்சுக்காரரில் 357. கரைக்கு மட்டும் அதில் இடமில்லை.

இந்த இரண்டு பத்திக் கணக்கை நான் நன்கறிவேன். போர்க்காலத்தில் நான் பணியாற்றிய நாளேட்டில் அன்றாடம் அதைத்தான் எழுதினோம்: படையினர் தரப்பில் இத்தனை பேர், புலிகள் தரப்பில் இத்தனை பேர். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எந்தப் பத்தியைச் சேர்ந்தவர்கள்? வயலுக்குப் போகமுடியாமல், கடலுக்குப் போகமுடியாமல் இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் இழந்த நாட்களை எந்தப் பத்தியில் போட்டோம்? எங்கள் செய்தி மேசையும் மருமகனின் மேசையைப் போன்றதுதான்.

ஆகையால் இத்தகைய ஆட்டத்தை நான் இப்போது எதிர்க்கவில்லை. நம் பாடசாலைகளிலும் ஆடட்டும். ஆனால் புள்ளித்தாளில் கரைக்கென மூன்றாவது பத்தி ஒன்று இருக்க வேண்டும். கப்பல்கள் நங்கூரமிட்ட ஒவ்வொரு நாளுக்கும் கரை கொடுத்தது என்ன என்று ஆடுபவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைச் சொன்னபோது மருமகன், "அதுக்கு எண்ணிக்கை எங்க இருக்கு மாமா? எதைப் போடுறது?" என்றான். நியாயமான கேள்வி. ஊகித்து எதையும் போடவேண்டாம், பத்தியை வரைந்து வெறுமையாக விடு என்றேன். அடுத்த ஆட்டத்துக்கு அவன் தயாரித்த தாளில் மூன்று பத்திகள் இருந்தன. மூன்றாவதன் தலைப்பில் "கரை" என்று எழுதியிருந்தான்.