தமிழ் படித்தவர்கள் உளவியல் படிக்கலாமா?

இளங்கலையில் தமிழோ ஆங்கிலமோ வரலாறோ படித்துவிட்டு, முதுகலைக்கு உளவியலைத் தேர்ந்தவர்கள் எங்கள் வட்டத்தில் நால்வர் உண்டு. இக்கட்டுரையில் வரும் 'நாங்கள்' அந்த நால்வர்தாம். எதற்காக அங்கே போனீர்கள் என்று கேட்பவர்களிடம் தஸ்தயேவ்ஸ்கியையும் மௌனியையும் காரணமாகக் காட்டுவது எங்கள் வழக்கம். அது பாதி உண்மை. பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியே கிடையாதா என்ற கவலைதான் மறுபாதி. இலக்கியக் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. உளவியல் உள்ளிட்ட உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. அவ்வாண்டு ஜூலை-ஆகஸ்டில் தொடங்கிய கல்வியாண்டு முதலே சேர்க்கையை நிறுத்தச் சொன்னது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டம் இதற்கு அடிப்படை. எங்களில் மூவர் அந்த அஞ்சல் வழியாக உள்ளே நுழைந்தவர்கள். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. சாத்தியது தவறு என்று உடனே கூவிவிட எங்களுக்கும் ஆசைதான், ஆனால் மனச்சாட்சி இடம் தரவில்லை.

உள்ளே போனதும் நடந்தது என்னவென்றால், முதல் பருவத்திலேயே புள்ளியியல் வந்து நின்றது. பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போட்டவர்கள் நாங்கள். திட்டவிலக்கம் என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மனித மனத்தின் ஆழங்களைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் மாதிரி அளவு, நம்பகம், ஏற்புடைமை என்று பேசினார்கள். ஒருவர் அந்த ஆண்டே விலகிவிட எண்ணினார். கட்டிய பணம் திரும்ப வராது என்பதால் தொடர்ந்தார், இன்று அவர்தான் எங்களில் புள்ளியியலை மிகவும் மதிப்பவர். ஒரு தனி மனிதரின் கதை எவ்வளவு உருக்கமானதாக இருந்தாலும் அது ஒரு கதைதான், அதைக் கொண்டு ஊர் மனத்தை எடைபோட முடியாது என்பதை இலக்கியம் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்து வந்தது தொல்காப்பியச் சபலம். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. அழுகை எழுவதற்கு இழிவுபடுதல், இழத்தல், நிலை தாழ்தல், வறுமை என்ற நான்கும் காரணம் என்று வகுத்த மூளையை எண்ணி இன்றும் வியக்கிறோம். பால் எக்மன் 1960களின் பிற்பகுதியில் பாப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் முகப்படங்களைக் காட்டி ஆய்ந்து, அடிப்படை உணர்ச்சிகள் ஆறு என்ற முடிவுக்கு வந்தார். நாங்கள் உடனே 'தமிழன் அன்றே எட்டு கண்டான்' என்று கட்டுரை எழுதினோம். நல்லவேளை, அதை எந்த இதழும் வெளியிடவில்லை. தொல்காப்பியர் செய்யுளுக்கும் கூத்துக்கும் இலக்கணம் சொன்னார். எக்மன் சொன்னது சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கருத்து. அதனால்தான் லிசா ஃபெல்ட்மன் பாரெட் போன்றவர்கள் அதைச் சோதித்து மறுக்கவும் முடிகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டுக்குமே மரியாதைக் குறைவு.

நேரடி வகுப்பில் படித்த நால்வரில் ஒருவருக்கு மட்டும் மேற்பார்வையோடு கூடிய பயிற்சி கிடைத்தது. மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், கணவரை இழந்த ஐம்பது வயதுப் பெண்ணொருவரின் வரலாற்றை எழுதும் பணி. அவர் எழுதினார், அழகாகவே எழுதினார். 'வீட்டின் ஒவ்வொரு பொருளும் அவரைப் பார்த்து மௌனமாக இருந்தது' என்று ஒரு வரி. மேற்பார்வையாளரான அம்மையார் சிவப்பு மையால் அதை அடிக்கோடிட்டு, 'இது அவர் சொன்னதா, நீங்கள் சொன்னதா?' என்று கேட்டார். அந்தப் பெண் சொன்னதெல்லாம் 'ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, நெஞ்சு அடைக்குது' என்பதுதான். மூன்று மணி விழிப்பு நோயறிதலுக்கு வேண்டிய செய்தி. அது நண்பரின் அறிக்கையில் இடம்பெறவே இல்லை.

தம்முடைய நோயாளி வரலாறுகள் சிறுகதைகளைப் போலப் படிக்கக் கிடைக்கின்றனவே என்ற சங்கடத்தை 1895இலேயே ஃப்ராய்ட் குறித்திருக்கிறார். நரம்பியல் படித்துவிட்டு வந்த அவருக்கே அந்தச் சங்கடம் என்றால், சிறுகதையிலிருந்து புறப்பட்டு வந்த எங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! அஞ்சலில் படித்த மற்ற மூவரின் அறிக்கைகளை அப்படி யாரும் அடிக்கோடிடவில்லை. மதிப்பெண் மட்டும் வந்தது. எனவேதான் மானியக் குழுவின் முடிவை எங்களால் முழுதாக எதிர்க்க முடியவில்லை. பிறர் துயரைக் கேட்கும் தொழிலைப் பாடநூலும் தேர்வும் மட்டும் கொண்டு கற்பித்துவிட இயலாது.

ஆனால் எங்களைப் போன்றவர்கள் அங்கே தேவையே இல்லை என்று யாரேனும் சொன்னால் அதையும் ஏற்கமாட்டோம். ஸங் என்ற மருத்துவர் 1965இல் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோலின் முதல் வாசகம், மனம் தளர்ந்திருப்பதை நீல நிறத்தைக் கொண்டு சொல்லும் ஆங்கில வழக்கைப் பயன்படுத்துகிறது. தமிழில் நீலத்துக்குத் துயரம் கிடையாது. 'மனச்சோர்வு' என்ற நம் கலைச்சொல்லையும் எந்த நோயாளியும் சொல்லிக் கேட்டதில்லை. வயிறு எரிகிறது, நெஞ்சு கனக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, ஒரே படபடப்பு என்றுதான் வருகிறார்கள். இந்தச் சொற்களில் எது எதைக் குறிக்கிறது, வட்டாரத்துக்கு வட்டாரம் எப்படி மாறுகிறது என்று காதுகொடுத்துக் கேட்டு வினாப்படிவம் எழுதுவது மொழி படித்தவன் செய்யக்கூடிய வேலை. ஆலோசகரை 'ஆற்றுப்படுத்துநர்' என்று அழைக்கிறோம். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு இன்னாரிடம் போ என்று வழிகாட்டுவது அது. ஆலோசகரோ வழியைச் சொல்லிவிடக் கூடாது, வந்தவரே கண்டடையும்வரை உடனிருக்க வேண்டும். சொல்லுக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள இந்த முரண் ஆற்றுப்படையைப் படித்தவனுக்கே முதலில் உறுத்தும்.

தடம் மாறி வந்தவர்களால் இத்துறை கெட்டுவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. எரிக் எரிக்சன் ஓவியராக அலைந்தவர், பல்கலைக்கழகப் பட்டமே இல்லாதவர். 2024இல் மறைந்த சுதிர் கக்கர் இயந்திரப் பொறியியலிலிருந்து பொருளியலுக்குப் போய், அங்கிருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்தவர். ஆனால் வியன்னாவிலும் ஃபிராங்ஃபர்ட்டிலும் இவர்கள் முறையான பயிற்சி பெற்றார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்தப் பெயர்களைச் சொல்வது நேர்மையாகாது.

அஞ்சல் வழியை மூடியவர்கள் நேர்வழியைத் திறந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் குறை. நேரடி முதுகலைக்குப் பல கல்லூரிகள் உளவியல் இளங்கலை கேட்கின்றன. கலைப் பட்டதாரிக்கு ஓராண்டு இணைப்புப் படிப்பு வைக்கலாம். புள்ளியியலும் உடலியங்கியலும் அதில் கட்டாயமாகட்டும், தேறாதவர் வெளியே போகட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் குழந்தை வளர்க்கும் பெண்களுக்கும் மாலை வகுப்பும் வார இறுதி மருத்துவமனைப் பயிற்சியும் தரலாம். அஞ்சலில் படித்தவர்களில் சோம்பேறிகளும் இருந்திருப்பார்கள். வேறு வழியில்லாமல் வந்தவர்களை நாங்கள் நேரில் அறிவோம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சென்ற மாதம் எங்களுக்கு எழுதியிருந்தார். தமிழ் இளங்கலை, இரண்டு குழந்தைகள், தங்கையைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர். உளவியல் படிக்க எங்கே சேரலாம் என்று கேட்டிருக்கிறார். பதில் எழுத நாங்கள் நால்வரும் இருமுறை உட்கார்ந்தோம். மாவட்டத்துக்குள் நேரடிப் படிப்பு எங்கே இருக்கிறது, கலைப் பட்டதாரியை எடுப்பார்களா என்று கல்லூரிகளுக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவரைக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறோம்.