அச்சில் வார்த்த அகதி

எங்கள் கல்லூரி வாட்ஸாப் குழுவில் அவ்வப்போது லுவால் மாயென் வந்துவிடுவார். தெற்கு சூடான் போரிலிருந்து பெற்றோர் தப்பி ஓடும் வழியில் பிறந்தவர். வடக்கு உகாண்டாவின் அகதி முகாமில் 22 வருடம் இருந்தவர். அம்மா மூன்று வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த 300 டாலரில் லேப்டாப் வாங்கித் தந்தார். அதற்குச் சார்ஜ் ஏற்ற மூன்று மணிநேரம் நடந்தார். சமாதானத்துக்காக ‘சலாம்’ என்ற வீடியோ கேம் செய்தார். 2018இல் ‘தி கேம் அவார்ட்ஸ்’ அவரைக் கௌரவித்தது. கீழே நம்ம பசங்க எழுதுவார்கள்: “மனசு இருந்தா மார்க்கம் உண்டு மச்சி.”

எனக்கு எரிச்சல் வரும். மாயென் மேல் இல்லை, அந்த ஒற்றை வரி மேல்.

நான் பெண்ணாடத்துக்காரன். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வார்கள். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றுவார்கள். ஓரத்தில் மண் படிந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். வெளியே அழகான பொம்மை, உள்ளே வெறும் கூடு. தன்னம்பிக்கைக் கதைகளும் இப்படித்தான் வார்க்கப்படுகின்றன.

இதில் நாம் கவிழ்த்துக் கொட்டியது என்ன? முதலில், அந்த விளையாட்டையே. ‘சலாம்’ ஆடுபவர் யாரையும் சுடுவதில்லை, அகதியாக ஓடுகிறார். தண்ணீர், உணவு, மருந்து இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. விளையாட்டுக்குள் காசு கொடுத்து உணவு வாங்கினால், நிஜ முகாமில் இருப்பவருக்கு உதவி போகும்படி அதை வடிவமைத்தார். மனவுறுதி மட்டும் போதாது என்பதுதான் அந்த விளையாட்டின் விதி. அதைச் செய்தவரின் படத்தைப் போட்டே ‘மனசு இருந்தா போதும்’ என்கிறோம்!

இரண்டாவது, பயணத்தை. மாயென் அமெரிக்கா போனார், வாஷிங்டனில் நிறுவனம் தொடங்கினார். மண்டபம் முகாமில் பிறந்த பையன் போக முடியுமா? 1983 முதல் ஈழத்திலிருந்து வந்தவர்கள் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த குழந்தையின் பெற்றோர் இருவருமே இந்தியக் குடிமக்கள் இல்லையென்றால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தானையும் வங்கதேசத்தையும் ஆப்கானிஸ்தானையும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாநில அரசு மாற்றியது. நல்ல விஷயம்தான். ஆனால் குடியுரிமை தருவது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 1990இல் முகாமில் பிறந்தவர் இங்கேயே படித்து, நம்மைப் போல இன்ஜினியரே ஆனாலும், இந்திய பாஸ்போர்ட் இல்லை, ஓட்டும் இல்லை.

“அப்போ தன்னம்பிக்கை தப்பாடா?” என்று கேட்பார்கள். தப்பில்லை. முகாமில் இருக்கும் நம் அம்மாக்களும் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு சேர்த்தவர்கள்தான். அவர்களிடம் இல்லாதது மனசு அல்ல, ஒரு காகிதம்.

கோடு எழுதிப் பிழைக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஜெயிக்கவே முடியாதபடி விதியை எழுதிவிட்டு, ஆடுகிறவனைப் பார்த்து ‘இன்னும் முயற்சி பண்ணு’ என்பது அயோக்கியத்தனம். அடுத்த முறை மாயென் படத்தைப் பகிரும்போது, மண்டபத்தில் பிறந்தவருக்கு ஏன் இன்னும் குடியுரிமை இல்லை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.