மூலை பார்க்கிறவர்கள் மண் பார்ப்பதில்லை

தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் செப்டிக் டேங்க் எங்கே வர வேண்டும் என்பதில் மிகுந்த அக்கறை காட்டுகிறார்கள். வாஸ்துக்காரரை அழைத்து வடமேற்கில், 'வாயு மூலை'யில், குறி போட்டு வாங்கிவிடுகிறார்கள். அந்த மூலையில் என்ன மண் இருக்கிறது, அது தண்ணீரைக் குடிக்குமா, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எத்தனை அடிக்கு ஏறி வரும் என்று கேட்கிற வீட்டுக்காரரைக் காண்பது அரிது. அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மூலை தப்பினால் கேடு தன் குடும்பத்துக்கு என்று பயப்படுகிறார். மண் தப்பினால் கேடு வேறு யாருக்கோ. அந்த 'யாரோ' எந்தச் சாதி என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

செப்டிக் டேங்க் மலத்தை மாயமாக்கும் பெட்டி இல்லை, தோழர்களே. கசடு அடியில் தங்கும். மேலே நிற்கும் கழிவுநீர் வெளியேறி, உறிஞ்சுகுழி வழியாகவோ மண்ணுக்குள் பதித்த குழாய்கள் வழியாகவோ நிலத்தில் இறங்க வேண்டும். பாதி வேலையைச் செய்வது மண்தான். அதனால்தான் ஐ.எஸ். 2470 என்கிற இந்தியத் தரநிலை மண்ணைச் சோதிக்கச் சொல்கிறது. இதற்கு ஆய்வகம் வேண்டாம். கழிவுநீர் இறங்கப்போகிற ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் திரும்ப ஊற்றி, நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அங்கே உறிஞ்சுகுழி வேலைக்கு ஆகாது.

ஊறவிடாமல் பார்த்தால் மண் ஏமாற்றிவிடும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் கோடையில் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். ஊற்றிய தண்ணீர் வெடிப்பில் ஓடி மறையும். அதே மண் ஈரம் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும். சித்திரையில் நல்ல பேர் வாங்கிய மண் கார்த்திகையில் கைவிரித்துவிடும். காவிரிக் கடைமடையில் களிமண்ணோடு நிலத்தடி நீரும் மேலேறி நிற்பதால், அடைமழையில் குழிக்குள் வெளித்தண்ணீர் புகுந்து கழிப்பறை எதிர்த்துக்கொண்டு வரும். கடற்கரை மணலில் நேர் எதிர்ச் சிக்கல்: கழிவுநீர் சரியாக வடிகட்டப்படாமலே இறங்கிக் கிணற்றில் சேரும்.

இதையெல்லாம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. "பெருசா கட்டிடுங்க, பத்து வருசத்துக்குத் திறக்கவே வேண்டாம்" என்பதுதான் பல வீடுகளில் நடக்கும் மொத்த ஆலோசனை. போர்ட்டிகோவுக்கு அடியில் தொட்டி, அதன் மேல் டைல்ஸ். தண்ணீருக்குப் போக வழியில்லை. நினைத்ததற்கு முன்பே நிரம்புகிறது. லாரி வந்து உறிஞ்சுகிறது. அடியில் இறுகிய மண்டி குழாய்க்கு வருவதில்லை. அப்போது ஒரு போன் போகிறது. அது ஊர்த்தெருவுக்குப் போவதில்லை. மறுநாள் நாளிதழில் 'விஷவாயு தாக்கிப் பலி' என்று செய்தி. வாஸ்து பார்த்துக் கட்டிய வாயு மூலையில் இந்த வாயுவும் இருந்தது. கொலைப்பழி அதன் மேல்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. உள்ளாட்சிக்கு மட்டுமான தடை என்று நினைக்க வேண்டாம், தனிநபருக்கும்தான். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறை உண்டு. உச்சநீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்று சொன்ன இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. சரி, ஆளை இறக்கிய வீட்டுக்காரர் சிறைக்குப் போன செய்தியை நீங்கள் எத்தனை முறை படித்திருக்கிறீர்கள்?

மண்ணைச் சோதித்தால் சாவு நின்றுவிடுமா என்று சில நண்பர்கள் கேட்கலாம். அதனால் மட்டும் நிற்காது. எவ்வளவு நல்ல மண்ணிலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்தே ஆக வேண்டும். இறுகுவதற்கு முன், திறக்க வசதியான மூடி வழியாக, இயந்திரத்தால். ஆனால் தண்ணீர் இறங்குகிற இடத்தில் கட்டிய தொட்டி நள்ளிரவில் பொங்கி வழிந்து அவசரத்துக்கு ஆளைத் தேட வைக்காது.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 59 அடி, தள்ளி இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு தரும் இலவச மனை 3 சென்ட் என்று வையுங்கள். சதுரமான மனையென்றால் பக்கத்துக்கு 36 அடி; மூலைக்கு மூலை அளந்தாலும் 51 அடிதான். அடுத்த வீட்டு ஆழ்துளைக் கிணறு சுவருக்கு அந்தப்புறம். அந்த நிலமும் பல ஊர்களில் ஏரிக்குக் கீழே, வடிகால் ஓரத்தில், ஊரார் வேண்டாமென்று விட்ட தாழ்வான இடம். அங்கே ஒரு கழிப்பறையைக் கட்டிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தொட்டி நிரம்பினால் 'பராமரிக்கத் தெரியாத ஜனங்கள்' என்ற பட்டம் வேறு.

மனை அளக்க வரும் வருவாய்த் துறை, அந்த நிலத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும், அதுவும் ஐப்பசியில். இறங்காவிட்டால் வேறு நிலம் தரட்டும், அல்லது தெரு முழுவதற்கும் குழாய் பதித்துச் சுத்திகரிக்கும் செலவை அரசே ஏற்கட்டும். மாடி வீட்டுக்காரருக்குக் கட்டட அனுமதி தரும்போது, வரைபடத்தோடு அந்தக் குழியில் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் எழுதி வாங்கட்டும்.