மைலேஜ் கேட்டீங்க சரி, ஸ்டெப்னி எங்கன்னு கேட்டீங்களா?

அமெரிக்காவுல இருக்கற நம்ம மக்கள் ரெண்டாவது குழந்தை பொறந்ததும், இல்லேன்னா ஊர்லேர்ந்து அப்பா அம்மா ஆறு மாசம் தங்க வர்றாங்கன்னதும், மினிவேன் தேட ஆரம்பிச்சுடுவாங்க. டொயோட்டா சியன்னாவா, ஹோண்டா ஒடிசியான்னு வாரக்கடைசி விருந்துகள்ல பட்டிமன்றமே நடக்கும். அதுல முதல் கேள்வி எப்பவுமே "என்ன மைலேஜ் குடுக்குது?" என்பதுதான். நம்ம ரத்தத்துல ஊறின கேள்வி, தப்பே இல்ல. ஆனா "பஞ்சரானா என்ன பண்றது?"ன்னு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்த ரெண்டு கேள்விக்கும் சம்பந்தம் இருக்கு. எடை குறைஞ்சா மைலேஜ் கூடும், ஸ்டெப்னி வீண் எடை, அதான் ரன் ஃபிளாட் டயர் வந்தாச்சே என்று ஒரு வாதம் ரொம்ப நாளா ஓடுது. என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். குடும்பத்தோட தூரப் பயணம் போற வண்டிக்கு இந்த பேரம் சுத்த நஷ்டம்.

முதல்ல மைலேஜ் கணக்கைப் பார்ப்போம். காலனுக்கு இத்தனை மைல் என்கிற எண்ணே கொஞ்சம் ஏமாத்துற எண். 2008-ல டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் என்ற ரெண்டு பேராசிரியர்கள் 'சயின்ஸ்' இதழ்ல இதைப் பத்தி எழுதினாங்க. வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டறீங்கன்னு வைங்க. 18 மைல் குடுக்கற வண்டிய வித்துட்டு 20 குடுக்கறதை வாங்கினா வருஷத்துக்கு 67 காலன் மிச்சம். 34-லேர்ந்து 36-க்குப் போனா 20 காலன்தான் மிச்சம். ரெண்டும் அதே 2 மைல் வித்தியாசம்தான்! மினிவேன் மாதிரி குண்டு வண்டிக்கு ஒவ்வொரு மைலும் காசு. அதனாலதான் 2013 மாடல்லேர்ந்து ஷோரூம் ஸ்டிக்கர்ல "100 மைலுக்கு எத்தனை காலன்" என்பதையும் சேர்த்துப் போடறாங்க. பொடி எழுத்துல இருக்கும், அதைப் பாருங்க.

2017 சியன்னாவை எடுத்துக்குவோம். முன் சக்கர டிரைவ் வண்டிக்கு அரசாங்கக் கணக்குப்படி சராசரி 22. ஆல் வீல் டிரைவுக்கு 20. (ஊர்ல இருக்கறவங்களுக்கு: 22 என்றால் லிட்டருக்கு ஒன்பதே கால் கிலோமீட்டர் சொச்சம். சிரிக்காதீங்க, இது ஏழெட்டு பேர் உட்கார்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி.) 12,000 மைலுக்கு 545 காலன், 600 காலன். 55 காலன் வித்தியாசம். காலன் மூணரை டாலர்னு வெச்சா வருஷத்துக்கு 190 டாலர் சுமார். பனி கொட்டற ஊர்ல இருக்கறவங்க "சரி, கொடுத்துட்டுப் போறேன்"ன்னு சொல்லலாம். நியாயம்தான். ஆனா அந்த ஆல் வீல் டிரைவோட இன்னொரு செலவு ஒட்டிக்கிட்டு வந்தது. அதுதான் ரன் ஃபிளாட்.

2004-ல வந்த சியன்னாவுல ஆல் வீல் டிரைவ் வாங்கினா, பின் சக்கரத்துக்கு சக்தி கொண்டுபோற தண்டும் டிஃபரன்ஷியலும் வண்டிக்கு அடியில இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. ஸ்டெப்னி தொங்க இடமில்ல. அதனால நாலு ரன் ஃபிளாட் டயரைப் போட்டு அனுப்பிட்டாங்க. 2020 மாடல் வரைக்கும் இதே கதைதான்.

ரன் ஃபிளாட்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சாதா டயர்ல காத்து போனா பக்கச் சுவர் மடங்கி ரிம் தரையில உட்கார்ந்துடும். ரன் ஃபிளாட்ல பக்கச் சுவரை கெட்டி ரப்பர் வெச்சு பலப்படுத்தி இருப்பாங்க. காத்தே இல்லேன்னாலும் அந்தச் சுவர் வண்டியைத் தாங்கும். பொதுவா சொல்ற கணக்கு 50 மைல் தூரம், அதுவும் 50 மைல் வேகத்துக்கு மிகாம. அந்தச் சுவர் நொடிக்கு நொடி மடங்கி நிமிர்றதுல சூடேறி உள்ளுக்குள்ள சிதையும், அதனாலதான் இந்த வரம்பு. பாரம் கூடினா, வெயில் கூடினா இந்தத் தூரமும் குறையும்.

இப்ப மேப்பை எடுங்க. சான் அன்டோனியோவுலேர்ந்து கார்ல்ஸ்பாட் குகையைப் பாக்க குடும்பத்தோட போறீங்க. ஐ-10 சாலை. ஒசோனாங்கற ஊர் தாண்டினா அடுத்த பெரிய ஊர் ஃபோர்ட் ஸ்டாக்டன். நடுவுல 100 மைலுக்கு மேல பொட்டல். வேக வரம்பு 80. நட்ட நடுவுல ஒரு ஆணி ஏறிச்சுன்னா எந்தப் பக்கம் போனாலும் 50 மைலுக்கு மேல. வண்டியில ஏழு பேர், மூட்டை முடிச்சு, வெளியே டெக்சாஸ் வெயில். 80-ல பறக்கற லாரிகளுக்கு நடுவுல நீங்க 50-ல உருட்டிக்கிட்டு, ஸ்டாக்டன் வருமா, டயர் தாங்குமான்னு வேண்டிக்கிட்டே போகணும். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தச் சின்ன ஊர்ல உங்க சைஸ் ரன் ஃபிளாட் இருக்கணுமே?

ஸ்டெப்னி இருந்தா என்ன ஆகும்? அரைமணி நேர வேலை. அந்த மெலிசான 'டோனட்' ஸ்டெப்னிக்கும் பொதுவா 50 மைல் வேகம்தான் வரம்பு, ஒத்துக்கறேன். ஆனா கழட்டின டயர் பத்திரமா பின்னாடி இருக்கு. எந்தக் கடையிலயும் ஒட்டுப்போட்டு வாங்கிடலாம். ரன் ஃபிளாட்டை காத்தில்லாம ஓட்டிட்டா உள்சுவர் எவ்வளவு சிதைஞ்சிருக்குன்னு வெளியிலேர்ந்து பார்த்து சொல்ல முடியாது. அதனால நிறைய கடைகள்ல ஒட்டுப்போட மாட்டேன்னுடுவாங்க, புதுசுதான். ஆல் வீல் டிரைவுல இன்னொரு வம்பும் உண்டு. நாலு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ஞ்சிருக்கணும், இல்லேன்னா டிரைவ் பாகங்களுக்குக் கேடு. மத்த மூணும் பாதி தேய்ஞ்ச நிலையில இருந்தா, ஒரு ஆணிக்கு நாலு டயர் தண்டம் அழணும்!

இதுக்கும் மேல ஒரு கொடுமை ஒடிசியில நடந்தது. 2005 ஒடிசி டூரிங் மாடல்ல மிஷலின் கம்பெனியோட 'பாக்ஸ்' என்ற முறையைப் போட்டாங்க. டயருக்கு உள்ள ரிம்மைச் சுத்தி ஒரு வளையம், காத்து போனா வண்டி அது மேல ஓடும். 125 மைல் வரைக்கும் போகலாம்னாங்க. கேக்க ஜோர். ஆனா ரிம் 460 மில்லிமீட்டர்னு ஒரு தனி அளவு, கடையில கிடைக்கற சாதா டயர் எதுவும் அதுல மாட்டாது. கழட்டி மாட்ட தனி மெஷின் வேணும், அது எல்லாக் கடையிலயும் இருக்காது. வழக்கெல்லாம் நடந்தது. சில வருஷத்துலயே மிஷலினும் கையை விரிச்சது. கடைசியில நிறைய பேர் ரிம்மோட சேர்த்து நாலையும் தூக்கிப் போட்டுட்டு சாதா ரிம், சாதா டயர், ஒரு ஸ்டெப்னின்னு மாறினாங்க.

இப்ப மைலேஜ் வாதத்துக்கு வருவோம். இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். டோனட் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் சேர்த்து 40 பவுண்டு இருக்கும். 100 பவுண்டு எடை கூடினா மைலேஜ் சுமார் 1 சதவீதம் குறையும்னு அமெரிக்க அரசாங்கமே சொல்லுது. அப்ப 40 பவுண்டுக்கு 0.4 சதவீதம். 545 காலன்ல ரெண்டு காலன் சொச்சம். வருஷத்துக்கு ஏழெட்டு டாலர்! ஒரு குடும்பம் நடுரோட்டுல நிக்காம இருக்க அந்த ஏழெட்டு டாலரைத் தரமாட்டோமா? அதுலயும் ரன் ஃபிளாட் டயரே சாதா டயரைவிட கனம். ஸ்டெப்னியை இறக்கிட்டு நாலு சக்கரத்துலயும் எடையை ஏத்தினா மிச்சம் எங்க இருக்கு?

உண்மையில டயர்ல மைலேஜ் ஒளிஞ்சிருக்கற இடம் காத்தழுத்தம். நாலு டயர்லயும் ஒரு பவுண்டு அழுத்தம் குறைஞ்சா மைலேஜ் 0.2 சதவீதம் போகும், இதுவும் அரசாங்கக் கணக்குதான். ரன் ஃபிளாட்ல காத்து குறைஞ்சிருந்தாலும் கெட்டிச் சுவர் டயரை விறைப்பா நிக்க வைக்கும், கண்ணால பார்த்து கண்டுபிடிக்கறது கஷ்டம். "அதான் விளக்கு எரியுமே"ன்னு சொல்வீங்க. செப்டம்பர் 2007-லேர்ந்து எல்லாப் புது கார்லயும் அந்த விளக்கு கட்டாயம்தான். ஆனா சட்டம் கேக்கறது 25 சதவீதம் குறைஞ்ச பிறகு எரிஞ்சா போதும்னுதான். 35 இருக்க வேண்டியது 26-க்கு வந்த பிறகு எரியலாம். அந்த 9 பவுண்டுக்கு மைலேஜ்ல 1.8 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 10 காலன் போச்சு. ஸ்டெப்னி தின்னதைவிட நாலரை மடங்கு! மைலேஜ் மேல அக்கறை இருக்கறவங்க ஸ்டெப்னியைத் தூக்கி எறிய வேண்டாம். அஞ்சு, பத்து டாலருக்கு ஒரு அழுத்தமானி வாங்கி மாசம் ஒருதடவை பாருங்க.

அப்ப கம்பெனிக்காரன் எதுக்கு எடுத்தான்? ஒரு வண்டிக்கு 0.1 மைல் உங்களுக்கும் எனக்கும் தூசு. லட்சக்கணக்குல விக்கறவனுக்கு மொத்த சராசரி மைலேஜ் கணக்குல அது காசு, டயரும் ரிம்மும் மிச்சம்கறது தனி. 2015 மாடல் புது கார்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஸ்டெப்னியே இல்லைன்னு டிரிப்பிள் ஏ சங்கம் கணக்கு சொன்னது. பதிலா ஒரு காத்தடிக்கற மெஷினும் ஒரு டப்பா பசையும். டயரோட நடுப்பகுதியில சின்ன ஓட்டைன்னா அது அடைக்கும். பக்கச் சுவர் கிழிஞ்சா பசையும் கைவிடும், ரன் ஃபிளாட்டும் கைவிடும். அப்ப உதவறது ஸ்டெப்னி ஒண்ணுதான்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லணும் இல்லையா? வேகமா ஓடற சாலை ஓரத்துல உட்கார்ந்து டயர் மாத்தறது உயிருக்கு ஆபத்தான வேலை. ராத்திரியில தனியா வர்றவங்களுக்கும், நட்டு கழட்ட தெம்பில்லாத பெரியவங்களுக்கும், ரன் ஃபிளாட் அந்த இடத்தை விட்டு நகர வழி குடுக்குது. திடீர்னு காத்து போனாலும் வண்டி அவ்வளவா அலைபாயாது. பத்து மைலுக்குள்ள நாலு டயர் கடை இருக்கற நகரத்துலயே ஓட்டறவங்களுக்கு நல்ல சமாச்சாரம்தான். ஆனா மினிவேனை யாரும் அதுக்கு மட்டும் வாங்கறதில்லையே? நயாகரா, யெல்லோஸ்டோன், பிட்ஸ்பர்க் கோயில்னு சுத்தத்தானே வாங்கறோம்?

நம்ம ஊர்ல ஸ்டெப்னின்னு சொல்ற பேரே (சினிமா வசனத்துல வர்ற இன்னொரு அர்த்தம் இங்க வேண்டாம் :-)) வேல்ஸ் நாட்டுல லனெல்லி என்ற ஊர்ல இருக்கற ஸ்டெப்னி தெருவுலேர்ந்து வந்தது. 1904-ல அங்க டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செஞ்சு வித்தாங்க. அப்ப கார்கள்ல ஸ்பேர் டயர் வர்றதில்ல, தனியாத்தான் வாங்கிக்கணும். நூறு வருஷம் கழிச்சு சுத்தி அதே இடத்துக்கு வந்து நிக்கறோம்.

வண்டி வாங்கப் போறவங்களுக்கு என் யோசனை இதான். பனி உங்க பயம்னா, முன் சக்கர டிரைவோட நல்ல பனிக்கால டயர் போதுமான்னு முதல்ல யோசிங்க. பழைய ஆல் வீல் சியன்னா வாங்கினா நாலு டயர் விலையை விசாரிச்சுட்டு பேரம் பேசுங்க. சாதா டயருக்கு மாறினா கூடவே ஒரு ஸ்டெப்னியும் ஜாக்கியும் வாங்கி உள்ள வையுங்க, ரெண்டும் இல்லாம ஓட்டறது எல்லாத்தையும்விட மோசம். 2021-லேர்ந்து சியன்னா முழுக்க ஹைபிரிட், சராசரி 36. பின் சக்கரத்துக்கு தனி மின் மோட்டார், அதனால ஆல் வீல் டிரைவ்லயும் 35. மைலேஜ் பிரச்சினை தீர்ந்தது, சந்தோஷம். ஆனா ஸ்டெப்னி விஷயம் மாடலுக்கு மாடல் மாறும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி விற்பனையாளரை விட்டே பின் கதவைத் திறக்கச் சொல்லி, "ஸ்டெப்னியைக் காட்டுங்க"ன்னு கேளுங்க. டப்பா பசையைக் காட்டினா, விலையில எவ்வளவு குறைப்பீங்கன்னு அடுத்த கேள்வியைக் கேளுங்க.

டிஸ்கி: ஸ்டெப்னி இருக்கறவங்க அதுல காத்து இருக்கான்னு கடைசியா எப்ப பார்த்தீங்க? பதிவைப் படிச்சு முடிச்சதும் போய்ப் பாருங்க. பின்னூட்டம் அப்புறம் போட்டுக்கலாம் :-)