அலை இல்லாத கடலுக்கு ஒரு ஞாயிறு

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் 'கடலுக்குப் போகலாமா?' என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் வேளாங்கண்ணிதான். மாதா கோயில், கரையோரம் பொரித்த மீன், நெஞ்சளவுத் தண்ணீரில் ஒரு குளியல், ஈரத்துணிப் பையோடு திரும்பும் பஸ். தலைமுறை தலைமுறையாக இதுதான் டெல்டாவின் கடல் சுற்றுலா.

தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே சொந்தமாக ஒரு கடல் இருப்பது மாவட்டத்துக்காரர்களிலேயே பலருக்கு ஞாபகம் வருவதில்லை. பட்டுக்கோட்டையைத் தாண்டினால் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். நடுவில் மனோரா. தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

ஒரு விஷயத்தைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது: அங்கே அலை கிடையாது.

காரணம் தெரிய வரைபடத்தில் கோடியக்கரையைப் பார்க்க வேண்டும். டெல்டாவின் கரை அந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. முனைக்கு வடக்கே வேதாரண்யம், வேளாங்கண்ணி, நாகூர், தரங்கம்பாடி, பூம்புகார். எல்லாம் திறந்த வங்கக் கடல். முனைக்கு மேற்கே முத்துப்பேட்டை தொடங்கி மல்லிப்பட்டினம் வரை பாக் நீரிணைப் பக்கம். எதிரே இலங்கை மறைத்துக்கொண்டு நிற்பதால் பெரிய அலைகள் உள்ளே வருவதில்லை. கடலும் ஆழம் குறைந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே டெல்டாவின் இந்தப் பக்கத்தில் பாதிப்பு மிகக் குறைவு. இலங்கை குறுக்கே நின்றது முக்கியக் காரணம்.

குடும்பத்தோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. திறந்த கடலில் கரைக்கு வரும் தண்ணீர் அத்தனையும் திரும்பிப் போக வேண்டுமே! அது பல நேரம் குறுகிய வாய்க்கால் போல ஓரிடத்தில் சேர்ந்து வேகமாக உள்ளே இழுக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் அலை உடைவது குறைவாக இருக்கும். 'இங்கே சாதுவாக இருக்கு, வா' என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்குவது பெரும்பாலும் அந்த வாய்க்காலுக்குள்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. அதில்தான் ஆள் களைத்துப்போவார். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பிலிருந்து வெளியே வரலாம். நீச்சல் தெரியாதவர் மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேட்பதுதான் வழி. கரையில் நிற்பவர்களும் பின்னாலேயே குதிக்காமல், மிதக்கக்கூடிய எதையாவது எறிய வேண்டும். காலிக் குடம், மூடிய பிளாஸ்டிக் கேன்கூட உதவும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் இறங்கவே வேண்டாம்.

சரி, அலை இல்லாத மனோராவில் குளிக்கலாமா? அதுவும் வேண்டாம். கரையோரம் சேறு. கால் புதையும், அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கடலுக்கும் கோபம் வரும். இது உட்கார்ந்து பார்க்கிற கடல். குளித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு மனோரா ஏமாற்றம்தான். ஆனால் கைக்குழந்தையும் வயதான பாட்டியும் இருக்கிற குடும்பம், யாராவது ஒருவர் எப்போதும் தண்ணீரையே முறைத்துக்கொண்டிருக்காமல் நிம்மதியாகக் கட்டுச்சோறு பிரிக்கலாம்.

போகிற வழியையும் அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். கல்லணைக் கால்வாய் இந்த வட்டாரத்துக்குத்தான் தண்ணீர் கொண்டுவருகிறது. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் வந்ததால் ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் 'புதாறு'. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முத்தம்பாள் சத்திரம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்கு இந்தப் பாதையில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் வைத்து இலவசமாகச் சோறு போட்டார்கள். சேதுபாவாசத்திரத்தின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 200 ஆண்டுகளுக்கு முன்பே ஹைவே ஓட்டல், பில்தான் கிடையாது.

பட்டுக்கோட்டையைச் சுற்றி நெல் பின்வாங்கி தென்னை வந்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்த மண் இது. நெடிய பழைய மரங்களுக்கு நடுவே ஒரே உயரத்தில் இளந்தென்னைத் தோப்பு வந்தால், பெரும்பாலும் அது கஜாவுக்குப் பிறகு வைத்ததாக இருக்கும்.

மனோரா எட்டு அடுக்குக் கோபுரம். அறுகோண வடிவம். சுற்றிலும் அகழியும் மதிலும். 'மினார்' என்ற சொல்தான் நம் வாயில் மனோரா ஆகிவிட்டது. கட்டியவர் அதே சரபோஜி. எதற்காக? ஐரோப்பாவில் நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வீழ்த்தியதைக் கொண்டாட! தஞ்சாவூர் ராஜாவுக்கும் நெப்போலியனுக்கும் என்ன பகை என்று பிள்ளைகள் கேட்பார்கள். பகை ஒன்றுமில்லை. 1799 ஒப்பந்தத்துக்குப் பிறகு ராஜ்ஜிய நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் மானியமும். நண்பன் என்று காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தது. இன்னொரு சுவாரஸ்யம்: பலரும் இதை வாட்டர்லூ வெற்றிச் சின்னம் என்று சொல்வார்கள். கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1814. வாட்டர்லூ நடந்தது 1815 ஜூனில். ஆக, அந்தக் கல் சொல்வது நெப்போலியன் முதல் முறை பதவி இழந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டதை. அவர் தப்பித்து மறுபடி பாரிஸுக்கு வருவார் என்று தஞ்சாவூரில் யார் கண்டார்கள்!

மேலே ஏற அனுமதி உண்டா என்பதை அன்றன்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போடுவதிலும் லாபமில்லை. இந்தக் கரை தென்கிழக்கு பார்த்தது; சூரியன் கடலில் உதிக்கும், மறைவது முதுகுக்குப் பின்னால். காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர்வது உத்தமம். எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடும் போகாதீர்கள். தண்ணீர், தொப்பி, கழிப்பறை வேலை எல்லாவற்றையும் பட்டுக்கோட்டையில் முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஞாயிறு என்று தலைப்பில் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் பகுதி விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை கரைக்கு வரும். அன்றைக்குப் பட்டுக்கோட்டை, மல்லிப்பட்டினம் பக்கத்து மெஸ்களில் மதியக் குழம்பில் விழுவது அந்த மீன். நீலக்கால் நண்டும் இறாலும் இந்தக் கடலின் பெருமை. கொடுவா கிடைத்தால் விடாதீர்கள். வறுவலுக்கு விலையைத் துண்டுக்கா, எடைக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்பது சண்டையில் முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி லீவும் அப்போதுதான் வருகிறது, என்ன செய்ய! நாட்டுப்படகு மீன் வரும். அளவு குறைவு, விலை கூடுதல்.

கரையில் பச்சை நாடா மாதிரி ஒதுங்கிக் கிடப்பது குப்பை இல்லை. கடற்புல். கடல்பசுவுக்கு அதுதான் சாப்பாடு. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் இந்தப் பிராணி மூன்று மீட்டர் வரை வளரும், புல்லை மட்டும் மேயும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். இறைச்சிக்காக வேட்டையாடியே ஏறக்குறைய தீர்த்துவிட்டோம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். கரையிலிருந்து கடல்பசுவைப் பார்த்துவிடலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். ஆனால், வலையில் சிக்கியதைத் திரும்பக் கடலில் விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி தருகிறது என்ற கதையைச் சொல்லலாம். தீனி மிச்சம், பிளாஸ்டிக் கவர் இரண்டையும் அங்கே விட்டுவிட்டு வராமலும் இருக்கலாம்.

நேரம் மிச்சம் இருந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆசை காட்டும். அதை இதோடு சேர்க்க வேண்டாம். வனத்துறை அனுமதி, படகு, பாதுகாப்பு ஜாக்கெட் என்று அது தனியாக ஒரு நாள் கேட்கும்.

திரும்பும்போது கருவாடு வாங்குவதென்றால் நன்றாகக் காய்ந்ததா என்று ஒடித்துப் பாருங்கள். மூன்று கவர் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஏசி போட்ட காரில் தஞ்சாவூர் வரை ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.