அம்மிக்காக அழுபவர்கள் அரைத்தவர்கள் அல்ல

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்தது, இப்போது எங்கே?" என்று தொடங்கும் பட்டியல் ஒன்று வருடத்துக்கு நாலு தடவையாவது சுற்றிக்கொண்டு வரும். முன்பு மின்னஞ்சலில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, முறம், திருகை, அரிக்கேன் விளக்கு, கூஜா, வெற்றிலைப் பெட்டி, மரப்பாச்சி, பல்லாங்குழி, தாயக்கட்டை, திண்ணை... கடைசியில் ஒரு பெருமூச்சு: எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோம், தமிழன் என்றால் பகிரவும்.

பகிர்கிறார்கள். ஆனால் பகிர்கிறவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தப் பட்டியலில் ஒரு பெரிய மோசடி இருக்கிறது. தானாக விட்டுப்போனது, வேண்டாமென்று விட்டது, பிடுங்கப்பட்டது என்று வேறு வேறு கதைகள் உள்ள பொருட்களை ஒரே கூடையில் போட்டுக் குலுக்கி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்பாரி வைக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க நல்ல இடம் சதுரங்கப்பட்டினம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டியிருக்கும் சின்ன ஊர் அது. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே களஞ்சியம், யானை மேல் ஏறுவதற்கான மேடை, கல்லறைகள். இடிந்தது போக மிச்சமிருப்பதைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. கல்லறைக் கற்களின் வேலைப்பாட்டைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். செத்தவரின் பெயர், தேதி, சுற்றிலும் கொடியும் சின்னமும். அந்தக் கோட்டையை எழுப்பக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களுக்கும், உள்ளே சமைத்துப் போட்டவர்களுக்கும் அப்படி ஒரு கல் கிடையாது. பழையதைப் பாராட்டும்போது யார் பெயர் கல்லில் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்ப்பது நல்ல பழக்கம். உரலுக்கும் இது பொருந்தும்.

அந்தக் கோட்டையிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் சொகுசு விடுதிகள். வாசலில் பழைய உரல் ஒன்று கிடக்கும், அதில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருப்பார்கள். ஆட்டுக்கல் தோட்டத்தில் இருக்கை ஆகியிருக்கும். படம் எடுத்துக்கொள்ள அழகாகத்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் உரல் என்றால் என்ன? நெல்லைக் கொட்டி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போக்கி, மறுபடியும் உரலில் போட்டுத் தீட்டி, மறுபடியும் புடைத்து... இவ்வளவும் உலை வைப்பதற்கு முந்தைய வேலை! அடுப்பு ஊதுவது, தண்ணீர் சுமப்பது எல்லாம் தனிக் கணக்கு.

ஆட்டுக்கல் அதைவிட மோசம். ஒரு கை குழவியைச் சுற்ற வேண்டும், இன்னொரு கை மாவைக் குழிக்குள் தள்ளிவிட வேண்டும். உளுந்து பொங்கி வரும்வரை நிறுத்த முடியாது. அரிசியை அதற்குப் பிறகு தனியாக அரைக்க வேண்டும். பத்துப் பேர் இருக்கும் கூட்டுக்குடும்பத்தில் இட்லி என்பது பண்டிகைப் பலகாரமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். "அம்மா கையால் ஆட்டிய மாவு" என்று உருகுகிறவர்கள், அம்மாவின் தோள்பட்டை வலியைப் பற்றி எங்காவது எழுதியிருக்கிறார்களா?

இங்கே ஒரு வாதம் தவறாமல் வரும். "அந்தக் காலத்துப் பெண்கள் அம்மி அரைத்தார்கள், உரல் இடித்தார்கள், அதனால்தான் சுகப்பிரசவம் ஆயிற்று, இப்போது எல்லாம் ஆபரேஷன்." கேட்பதற்கு மருத்துவம் மாதிரி இருக்கும். கணக்கு வேறு சொல்கிறது. 1997-98ல் இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு சுமார் 398 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 கணக்கில் அது 97. தமிழ்நாட்டில் 54. அம்மியும் உரலும் வீடுதோறும் இருந்த காலத்தைவிடப் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் விகிதம் இன்று பல மடங்கு குறைந்திருக்கிறது. தேவையில்லாத அறுவைச் சிகிச்சைகள் நடப்பதும் உண்மை. அதற்கு மருத்துவமனையைக் கேள்வி கேட்க வேண்டும். மருமகளிடம் குழவியைக் கொடுப்பது பதில் ஆகாது.

ருசியை மட்டும் ஒத்துக்கொள்ளலாம். மிக்சியின் பிளேடு வேகமாகச் சுற்றிச் சூடேற்றி வெட்டுகிறது. கல் மெதுவாக நசுக்குகிறது. அம்மியில் அரைத்த மீன்குழம்பு மசாலாவின் ருசி தனிதான், கடலோர ஊர்க்காரர்களிடம் போய் இதை மறுத்துவிட்டு வர முடியாது. சரி, அந்த ருசி வேண்டுமென்றால் வேண்டுகிறவர் அரைக்கட்டும். அம்மி யாருக்கும் தடை செய்யப்பட்ட பொருள் அல்லவே! ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அரைத்தால் பாரம்பரியமும் காப்பாற்றப்படும், வீட்டில் மரியாதையும் கூடும். (கல்யாண மண்டபத்தில் மணமகள் மிதிப்பதற்காக மட்டும் அம்மியை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருகிறார்களே, பட்டியல்காரர்கள் அதையாவது நினைத்து ஆறுதல் அடையலாம்.)

கல் அரவை இயந்திரமான வெட் கிரைண்டரை 1955ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கினார். அதே கல், அதே நசுக்கல்; சுற்றுவது மட்டும் மோட்டார். தமிழ்நாட்டுப் பெண்களின் விடுதலையைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்சி, தலைவர், சட்டம் என்று நிறைய எழுதிவிட்டார்கள். இந்த மோட்டாருக்கு ஒரு பாராவாவது ஒதுக்கியிருக்கலாம். 2011ல் அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் குடும்ப அட்டைக்கு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது எத்தனை கேலி! மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்றார்கள். ஓட்டுக்காகத்தான் கொடுத்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்படிக் கேலி பேசியவர்கள் வீட்டில் கிரைண்டர் எப்போதோ வந்துவிட்டது. மற்ற வீட்டுப் பெண்கள் மட்டும் கல்லைச் சுற்றிக்கொண்டே பண்பாட்டைக் காக்க வேண்டுமாம்.

கிரைண்டர் வந்ததால் எல்லாம் சமமாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2019ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். அந்த வேலையில் கை வைக்கும் ஆண்கள் 97 நிமிடம். கை வைக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை! இது மிக்சியும் கேஸ் அடுப்பும் வந்த பிறகான கணக்கு. உரல் காலத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று அவரவரே யோசித்துக்கொள்ளலாம்.

பட்டியலில் ஒருபோதும் இடம் பெறாத பழம்பொருட்களும் உண்டு. தேநீர்க் கடையில் சாதிக்கு ஒரு குவளையாக வைத்திருந்தார்களே, அந்த இரட்டைக் குவளை எந்த ஏக்கப் பட்டியலில் இருக்கிறது? திண்ணை இருக்கிறது, வழிப்போக்கர்கள் படுத்து உறங்கினார்கள் என்று உருகுகிறார்கள். எந்த வழிப்போக்கர்கள்? தெருவுக்குள்ளேயே வர முடியாதவர்கள் திண்ணையில் எப்படிப் படுப்பார்கள்?

சரி, எல்லாமே போகட்டும் என்று சொல்லிவிடலாமா? முடியாது. உண்மையில் அழ வேண்டிய பொருள் ஒன்று சதுரங்கப்பட்டினத்தில் இருந்தது. அதைப் பட்டியல்காரர்கள் கண்டுகொள்வதே இல்லை. அது தறி.

டச்சுக்காரர்கள் இந்த ஊருக்கு வந்தது காற்று வாங்க அல்ல, துணி வாங்க. சத்ராஸ் என்று அவர்கள் அழைத்த இந்த ஊர் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர் போனது. சோழமண்டலக் கரை முழுக்கவே அப்போது தறிச் சத்தம்தான். வணிகர்கள் மூலம் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, கடனில் கட்டி வைத்துத் துணியை வாங்கினார்கள். அது ஒன்றும் பொற்காலம் இல்லை. ஆனாலும் உலகம் கேட்டு வாங்கிய சரக்கு அது. போட்டி போட முடியாமல் இங்கிலாந்து 1700லும் 1721லும் சட்டம் போட்டு இந்தியத் துணிகளைத் தடுத்தது. பிறகு இந்தியத் துணிக்கு அங்கே கடுமையான வரி. ஆலைகள் வந்ததும் மான்செஸ்டர் துணி கப்பல் கப்பலாக இங்கே இறங்கியது. 1824 ஒப்பந்தத்துக்குப் பிறகு சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று, தறிக்கும்தான்.

இங்கேதான் வித்தியாசம். ஆட்டுக்கல்லை ஒதுக்கி வைத்தபோது அரைத்தவளுக்கு நேரம் கிடைத்தது. தறி போனபோது நெய்தவருக்குச் சோறு போயிற்று. முன்னது ஒரு பாரம் இறங்கியது, பின்னது வயிற்றில் அடித்தது. இரண்டையும் "காலம் மாறிப்போச்சு" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அதிலும் முன்னதற்கு மட்டும் கண்ணீர் விடுகிறவர்களை என்னவென்று சொல்வது!

பொழுதுபோக்குகளின் கதை இன்னும் வேடிக்கை. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் செஸ் இங்கேதான் பிறந்தது என்று நினைக்கத் தோன்றும். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் காலத்தில் இது ராஜநாராயணன் பட்டினம். பிறகு சதிரவாசகன் பட்டினம் ஆகி, அது வாய்வழியாகத் திரிந்து சதுரங்கப்பட்டினம் ஆனது. ஆட்டத்துக்கும் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் 2022 ஜூலை கடைசியில் செஸ் ஒலிம்பியாட் பக்கத்தில் மாமல்லபுரத்துக்கே வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள். வேட்டி கட்டிய குதிரை "தம்பி" ஊரெங்கும் நின்றது. சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். நல்ல விஷயம்தான், எத்தனையோ பிள்ளைகள் அதைப் பார்த்துச் செஸ் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் மூன்று புலியும் பதினைந்து ஆடும் வைத்து ஆடும் ஆடு புலி ஆட்டத்தில் இருக்கும் கணக்கு லேசுப்பட்டதா? இரண்டு பக்கத்துக்கும் ஒரே படை கிடையாது. ஒரு பக்கம் பலம், மறுபக்கம் எண்ணிக்கை. புலி தாண்டி வெட்டும், ஆடு சூழ்ந்து அடைக்கும். பல்லாங்குழியில் பதினான்கு குழி. நாலு காய் சேர்ந்தால் "பசு" என்று எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று மனதுக்குள்ளேயே எண்ணிப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆப்பிரிக்கா முழுக்க இதன் உறவுக்கார ஆட்டங்களை இன்றும் ஆடுகிறார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடிய பரமபதத்தின் சொந்தக்காரர்தான் இங்கிலாந்து போய்ப் பாம்பும் ஏணியுமாகப் பெட்டிக்குள் திரும்பி வந்தவர்.

இந்த ஆட்டங்களும் பால் போலச் சுத்தம் என்று சொல்ல முடியாது. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே உட்கார வைத்துவிட்டுப் பொழுதுபோகப் பல்லாங்குழியைக் கொடுத்தார்கள். தாயக்கட்டையில் சொத்தை விட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பல்லாங்குழியைத் தனியறையிலிருந்து வெளியே கொண்டுவர முடியும். உரலிலிருந்து உலக்கை அடியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பூ மிதக்கும் தொட்டிதான்.

உரலுக்காக உருகுகிறவர்கள் திரும்பக் கேட்டிருக்க வேண்டியது ஆட்டத்தை. கேட்க மாட்டார்கள். ஏனென்றால் ஆட்டத்துக்கு எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும். பொருளை வாங்கி வரவேற்பறையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதனால்தான் பித்தளைத் தாயக்கட்டையும் மரத்தில் கடைந்த பல்லாங்குழியும் கைவினைக் கடையில் நல்ல விலைக்கு விற்கின்றன. வாங்கிப்போன வீட்டில் அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் தூசி படிகிறது. பள்ளிகளில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். அதைப் பற்றி எந்த வாட்ஸ்அப் பட்டியலும் ஒரு வரி எழுதியதில்லை.

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஏழு ஏழாக இரண்டு வரிசை குழி தோண்ட இரண்டு நிமிடம் ஆகும். காய்க்குப் புளியங்கொட்டை போதும். எதிரே உட்கார ஆள் இல்லையென்றால் வீட்டுச் சமையலறையில் இருப்பவரைக் கூப்பிடலாம், மாவு கிரைண்டரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவர் வர நேரமில்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.